கோடரியை முறிக்கும் மரம்

கேள்வி: அர்ஜென்டினாவுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் உள்ள வர்த்தகப் போட்டிக்கும் நம் தோல் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: உண்டு, அதுவும் உங்கள் ஊர்த் தொட்டிக்குள்ளேயே உண்டு. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பித் தோல் பதனிட்டுவந்த இப்பிரதேசத்துக்குக் கப்பலேறி வந்த வாட்டில் பட்டை, ஆஸ்திரேலியாவில் பிறந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மண்ணில் பெருகிய மரத்தினுடையது. அதன் ஜென்மப் பகையாளி, 'கோடரியை முறிப்பது' என்று ஸ்பானிய மொழியில் பெயர்பெற்ற, அதைப்போலவே தோல் பதனிடும் சாரம் தரும், அர்ஜென்டினாவின் சாக்கோ காட்டுக் கெப்ராச்சோ மரம். ஆனால் இதிலே ஒரு வேடிக்கை: 1906இல் லண்டனில் பதிவான ஃபாரஸ்டல் கம்பெனி, கெப்ராச்சோக் காடுகளை வெட்டித் தீர்த்துக்கொண்டே ஆப்பிரிக்காவில் வாட்டில் சாரத் தொழிலிலும் இறங்கி, பின்னர் அர்ஜென்டினாவின் ஆலைகளை ஒன்றன்பின் ஒன்றாக மூடிவிட்டது, பகையாளிகள் இருவருக்கும் எஜமானர் ஒருவரே! வெட்டினால் மீண்டும் வளர அநேக தசாப்தங்கள் வேண்டிய கெப்ராச்சோ எங்கே, நட்ட பத்தாண்டுக்குள் பட்டை தரும் வாட்டில் எங்கே? முதலாளியின் கணக்கு பிழையன்று. காட்டில் உழைத்தவர்களின் கதிதான் பரிதாபம். நம் தேசமோ, நிறபேதக் கொடுமையைக் கண்டித்து 1946இல், வாட்டில் விளையும் அதே தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தையே துண்டித்தது. அத்தடை நீங்கியது 1993இல்.