தில்லியில் 40, சிகாமட்டில் 34: எந்த வெயில் கடுமையானது?

சிகாமட் என்ற பெயருக்கு ஒரு பழங்கதை உண்டு. 1511இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்த பிறகு, அங்கிருந்து வந்த பெண்டஹாரா தெப்போக் இங்குள்ள ஆற்றுநீரைக் குடித்துவிட்டு "செகார் அமாட்" என்றாராம். "மிகுந்த புத்துணர்ச்சி" என்பது அதன் பொருள். இன்றும் நமக்கு அந்தத் தண்ணீர்தான் மருந்து. ஏன் என்று அறிய, நம் ஊர் வெயிலை மற்ற ஊர்களின் வெயிலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

"ஊருக்குப் போயிருந்தபோது 40 டிகிரி வெயிலையே தாங்கினேன். இங்கே 33, 34 தானே?" என்று மூத்தோர் பலர் சொல்வதுண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் அது சரிபோலத் தோன்றும். ஆனால் உடல் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை.

நான்கு ஊர்கள், நான்கு வெயில்கள்

கீழே உள்ளவை டிகிரி செல்சியஸ் அளவில் சராசரிக் கணக்குகள்.

• சிகாமட்: ஆண்டு முழுவதும் பகலில் சுமார் 32 முதல் 33, இரவில் சுமார் 23 முதல் 24.
• சென்னை: மே மாதப் பகலில் சுமார் 37, ஜனவரி இரவில் சுமார் 21.
• தில்லி: மே மாதப் பகலில் சுமார் 40; ஜனவரி இரவில் சுமார் 7.
• லண்டன்: ஜூலை பகலில் சுமார் 24, ஜனவரி இரவில் சுமார் 3.

தில்லியில் கோடை கடுமை. ஆனாலும் குளிர்காலம் வந்தால் உடலுக்கு ஓய்வு கிடைக்கிறது. சென்னையிலும் கத்திரி வெயில் கழிந்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊர் தணிகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள சிகாமட்டில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மழை பெய்தால் சற்றுத் தணியும்; வெயில் வந்ததும் மீண்டும் புழுங்கும். கடலிலிருந்து விலகி உள்நாட்டில் இருப்பதால் பகலில் கடற்காற்றும் நமக்கு எட்டுவதில்லை.

புழுக்கம் ஏன் ஆபத்து?

துவைத்த துணியை நினைத்துப் பாருங்கள். காற்று உலர்ந்திருந்தால் கொடியில் போட்ட துணி சீக்கிரம் காயும். மழை வரப்போகும் புழுக்கமான நாளில் மாலை வரை ஈரமாகவே தொங்கும். நம் தோலில் உள்ள வியர்வையும் அப்படித்தான். வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அந்த வியர்வை காய்ந்தால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் வழிந்தோடும். உடல் தண்ணீரையும் உப்பையும் இழக்கும்; சூடோ குறையாது.

காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதன்படி, தில்லியில் 40 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நேரத்தில், நிழலில் நிற்பவருக்குச் சுமார் 39 டிகிரிபோல் இருக்கும். சிகாமட்டில் 34 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நேரத்தில் சுமார் 42 டிகிரிபோல் இருக்கும். எண்ணில் குறைவான நம் வெயில், உடலுக்கு அதைவிடக் கடுமையாகிவிடுகிறது.

வயது கூடும்போது

மூத்தோரின் உடலில் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. வியர்ப்பது குறைகிறது. தாக உணர்வு மங்குகிறது. தண்ணீர் தேவைப்படும்போதும் "தாகமே இல்லை" என்று தோன்றும். சூட்டை வெளியேற்ற இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும் வேலை இதயத்துக்குப் பளுவாகிறது.

நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவையும் உடலின் நீரைக் குறைக்கலாம், அல்லது தலைச்சுற்றலைத் தரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை கிளினிக் செல்லும்போது மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள்.

பணக்கார நகரங்கள் கற்ற பாடம்

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில நாள் நீடித்த கடும் வெப்பத்தில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2003 ஆகஸ்டில் பிரான்சு நாட்டில் சுமார் 15,000 பேர் இறந்தனர். இரண்டு இடங்களிலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் மூத்தோர். சன்னலைச் சாத்திக்கொண்டு தனியாக வீட்டில் இருந்தவர்கள் அவர்களில் பலர். இரவிலும் சூடு தணியாததால் உடலுக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

அந்த ஊர்களுக்கு வெப்பம் புதிது. நமக்குப் பழகியது. இருந்தாலும், வீட்டுக்குள் இருப்பவரையும் வெப்பம் தாக்கும், தனியாக இருப்பவருக்கே ஆபத்து அதிகம் என்ற பாடம் நமக்கும் பொருந்தும். இந்தியாவின் அகமதாபாத் நகரம், 2010இல் கடும் வெப்ப அலைக்கு ஆளான பின், 2013இல் வெப்பப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மக்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருவது அதன் முக்கியப் பகுதி.

நம் நாட்டில் மலேசிய வானிலை ஆய்வுத் துறை மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் பகல் வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை. 37 முதல் 40 வரை இருந்தால் இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. ஆகவே 40 டிகிரி நம் நாட்டுக்கும் வராததன்று.

தோட்டத்து நேரக் கணக்கு

பால்மரம் சீவியவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் தெரியும். விடியுமுன் பெரட்டு, குளிர்ச்சியிலேயே மரம் சீவுதல், வெயில் ஏறுமுன் அந்த வேலை முடிந்துவிடும். குளிர்ந்த நேரத்தில் பால் நன்றாக வடியும் என்பதற்காக வந்த அந்த முறை, மனிதரையும் காத்தது. ஓய்வு பெற்ற பின்னும் அந்த நேரக் கணக்கை விடாதீர்கள்.

• நடைப்பயிற்சி, தோட்ட வேலை, பசார், கோயில் ஆகியவற்றைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். முற்பகல் 11 முதல் மாலை 4 வரை வெயிலில் அலைய வேண்டாம்.
• தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். பொதுவாக நாளுக்குச் சுமார் 8 குவளை. இதயம், சிறுநீரகம் காரணமாக மருத்துவர் அளவு குறித்திருந்தால் அந்த அளவையே பின்பற்றுங்கள்.
• இனிப்புப் பானங்களைவிடத் தண்ணீர் மேல். உப்புக் குறைத்த மோரும் நல்லது.
• சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள்.
• மெல்லிய, தளர்ந்த பருத்தி ஆடை அணியுங்கள். புழுக்கம் தாங்காதபோது குளியுங்கள். அல்லது ஈரத்துணியால் உடலைத் துடைத்துவிட்டு விசிறிக்கு முன் அமருங்கள்.
• தனியாக இருப்பவர்கள், பிள்ளைகளோ அண்டை வீட்டாரோ நாளுக்கு இருமுறை அழைத்துப் பேசும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

தலைச்சுற்றல், தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். உடனே நிழலுக்கு வந்து, ஆடையைத் தளர்த்தி, சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள். அரை மணி நேரத்தில் குறையாவிட்டால் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

பேச்சுக் குழறல், குழப்பம், வலிப்பு, மயக்கம், உடல் கொதிப்பது ஆகியவை வெப்பப் பக்கவாதத்தின் அறிகுறிகள். இது உயிருக்கு ஆபத்து. உடனே 999ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உடலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை வானிலைச் செய்தியில் 34 என்று கேட்டால், "இவ்வளவுதானா" என்று விட்டுவிடாமல், ஒரு குவளை தண்ணீரை ஊற்றிக் குடியுங்கள். பிறகு அண்டை வீட்டு அம்மாவும் குடித்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.