பழைய டிவியில் புதிய ஸ்டிக்

தமிழக அரசு 2006இல் தொடங்கிய திட்டத்தில் வீடு வந்து சேர்ந்த 14 அங்குல வண்ண டிவி, சில வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதில், இணையத்தில் வரும் படங்களை டிவியில் காட்டும் ஃபயர் ஸ்டிக்கைச் செருக எச்டிஎம்ஐ துளை கிடையாது. அதற்காக டிவியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. சிறிய கன்வெர்ட்டர் பெட்டி ஒன்று போதும்.

வாங்கும்போது கவனம் தேவை. ‘எச்டிஎம்ஐ டு ஏவி’ என்று கேட்டு வாங்க வேண்டும். ‘ஏவி டு எச்டிஎம்ஐ’ பெட்டியும் பார்க்க அதேபோலத்தான் இருக்கும். ஆனால் எதிர்த்திசையில் வேலை செய்வது. ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று வண்ணப் பின்கள் என்று வெறும் கேபிளாக விற்கப்படுவதும் பயன்படாது. டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்றும் சிப் அதில் இல்லையே!

பெட்டிக்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். பழைய போன் சார்ஜரே போதும். ஸ்டிக்குக்குத் தனி சார்ஜர்.

ஸ்டிக்கைப் பெட்டியில் செருகி, பெட்டியை மூன்று வண்ணப் பின் கேபிளால் டிவியுடன் இணைக்க வேண்டும். மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. டிவியில் ஒரே ஒலித்துளை என்றால் வெள்ளையை மட்டும் செருகலாம். பிறகு ரிமோட்டில் ஏவி.

படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறதா? பெட்டியின் ஸ்விட்சை ‘பால்’ (PAL) பக்கம் தள்ள வேண்டும். படம் வந்து ஒலி வராவிட்டால், ஸ்டிக்கின் ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

படம் பார்க்கலாம், பொடி எழுத்து சப்டைட்டில் படிப்பதுதான் சிரமம்.