குழந்தையின் பேதிக்கு நுண்ணுயிர் மருந்து கொடுக்கும் முறை

குழந்தைக்குத் திடீரென்று பேதி கண்டு, அரை நாளுக்குள் கண்கள் உள்வாங்கி, உதடு காய்ந்து, அழுதாலும் கண்ணீர் வராமற் போவதைப் பார்க்கிற தாய், அந்தப் போக்கை உடனே நிறுத்திவிடும் ஔஷதத்தைத் தேடுவது இயற்கை. இக்காலத்தில் அவளுடைய கைக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது புரோபயாடிக் என்னும் நுண்ணுயிர்ப் பொட்டலம். அதைக் கொடுக்கலாமா, எவ்வாறு, எத்தனை நாள் என்று சொல்லவே எழுதுகிறேன். ஆயினும் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேதியில் குழந்தையின் பிராணனுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் உடம்பிலுள்ள ஜலமும் உப்பும் வெளியேறிவிடுவதனாலேயே. 1971-ல் வங்காள எல்லையிலுள்ள பன்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் போதாமற்போன சமயத்தில், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே குடிக்கச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார் டாக்டர் திலீப் மஹலநாபிஸ். அந்த நீரின் வழிவந்ததே இன்றைய ஓ.ஆர்.எஸ்.

ஆகவே முதற்காரியமாக, ஒரு லிட்டருக்குரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலமானால், கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டரை அளந்து, பொட்டலம் முழுவதையும் அதில் கரையுங்கள். 200 மில்லிக்குரிய சிறு பொட்டலமானால் நீரும் அவ்வளவே. கண்ணளவில் பாதிப் பொட்டலம் போடுவது தவறு. சர்க்கரையோ பழரசமோ சேர்ப்பதும் தவறு. ஒவ்வொரு தடவை வெளிக்குப் போனபின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லியும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லியும், பாலாடையாலோ கரண்டியாலோ கொடுங்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு கரண்டி வீதம் மறுபடி தொடங்குங்கள். 24 மணி நேரத்துக்குமேல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தலாகாது, சோறுண்ணும் குழந்தைக்குக் குழைந்த சோறும் பருப்பும் இட்லியும் வழக்கம்போல் தரலாம். வயிற்றைக் காயப்போடுவது குழந்தையை மெலியச் செய்வதன்றி வேறு பிரயோஜனமில்லை. இவற்றோடு வைத்தியர் தரும் ஜிங்க் மாத்திரையை, ஆறு மாதத்துக்குட்பட்டோருக்கு 10 மில்லிகிராம், மேற்பட்டோருக்கு 20 மில்லிகிராம் வீதம், பேதி நின்றபின்னும் விடாமல் 10 முதல் 14 நாள்வரை கொடுங்கள்.

இனி நுண்ணுயிர்களின் விஷயம். 1923-ல் ஹென்றி பூலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்டே ஸாக்கரோமைஸீஸ் பூலார்டி. மற்றொன்று லாக்டோபாஸில்லஸ் ராம்னோஸஸ் ஜி.ஜி. முற்காலத்துச் சிறு பரிசோதனைகள், இவை பேதியை ஏறத்தாழ ஒரு நாள் குறைக்கும் என்று காட்டின. ஆனால் 2018-ல் வெளிவந்த இரு பெரிய பரிசோதனைகளில், அமெரிக்காவில் 971 குழந்தைகளிடையே ஜி.ஜி. வகையையும், கனடாவில் 886 குழந்தைகளிடையே வேறொரு லாக்டோபாஸில்லஸ் கலவையையும் சிலருக்கும், மற்றவர்களுக்கு வெறும் மாவையும் கொடுத்து ஆராய்ந்ததில், மாவு பெற்ற குழந்தைகளைவிட நுண்ணுயிர் பெற்றவர்கள் விரைவில் குணமடைந்ததாகத் தெரியவில்லை. ஆதலால் இதை ஒரு துணையென்று கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

வைத்தியர் கொடுக்கச் சொன்னால், உறையில் நுண்ணுயிரின் பெயர் முழுமையாக அச்சிட்டிருக்கிறதா என்றும், காலாவதித் தேதி கடக்கவில்லையா என்றும் பாருங்கள். பூலார்டி நாளொன்றுக்கு 250 முதல் 750 மில்லிகிராம், ஜி.ஜி. நாளொன்றுக்குக் குறைந்தது 1,000 கோடி உயிரணுக்கள். இரண்டும் ஐந்து முதல் ஏழு நாள்வரை என்பதே வழக்கமான அளவு. எந்தக் குழந்தைக்கு எவ்வளவு என்பதை வைத்தியரே நிர்ணயிக்கவேண்டும்.

என் தமக்கையின் பேரனுக்குப் பேதி கண்ட ஓர் இரவில், அவன் தாய் ஆவி பறக்கும் பாலில் அந்தப் பொடியைத் தூவிக் கலக்கிக்கொண்டிருக்கக் கண்டேன். பக்கத்தில் ஓ.ஆர்.எஸ். செம்பு தொடப்படாமல் மூடியிருந்தது. பாவம், அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பொடியிலுள்ளவை உயிருள்ள நுண்ணுயிர்கள். சூடு பட்டால் அவை மடிந்துபோகும். ஆறிய நீரிலோ பாலிலோ கலந்து, கலந்த கையோடு கொடுத்துவிட வேண்டும். கிருமிக்கொல்லி மருந்தும் கொடுப்பதாயிருந்தால், லாக்டோபாஸில்லஸ் வகைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையிலோ வேறு காரணத்தாலோ எதிர்ப்புச் சக்தி குன்றிய குழந்தைக்கும், பெரிய ரத்தநாளத்தில் குழாய் பொருத்தப்பட்ட குழந்தைக்கும் இவற்றை வைத்தியரைக் கேளாமல் கொடுக்கவே கூடாது. அபூர்வமாக, இந்நுண்ணுயிர்களே ரத்தத்திற் புகுந்து கேடு செய்ததுண்டு. வீட்டுத் தயிர் நல்ல ஆகாரம், ஐயமில்லை. ஆனால் அதிலுள்ளவை பரிசோதிக்கப்பட்ட இந்த வகைகள் அல்லவாதலால், அதை மருந்தாக எண்ணி நம்பியிருக்க வேண்டாம். பெரியவர்களுக்குரிய, போக்கைக் கட்டும் லோபெரமைட் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

மலத்தில் ரத்தம் கண்டாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெல்லவே மறைந்தாலும், குழந்தை துவண்டு பால் குடிக்க மறுத்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். குழந்தைக்கு நினைவிருந்து விழுங்க முடிகிற வரையில், போகிற வழியெல்லாம் மடியில் நிமிர்த்தி வைத்து, கரண்டி கரண்டியாக ஓ.ஆர்.எஸ். நீரைப் புகட்டிக்கொண்டே போங்கள்.