முத்துச்சிப்பியின் பகைவன்

1973ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் நம் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினர். அச்சிப்பிக்கும் பகைவன் உண்டு: பெர்கின்சஸ் ஆல்செனி என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி. நம் தென்கிழக்குக் கரைச் சிப்பிகளில் அது இருப்பதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2010இல் வெளியிட்டனர்.

நுண்ணோக்கியில் அதன் உறவினங்களும் அதைப்போலவே தோன்றும். பின் எவ்வாறு இனங்கண்டனர்?

ஆர்.என்.ஏ. என்றாலே புரதம் செய்யும் கட்டளை என்று எண்ணாதீர்கள். ரைபோசோம் ஆர்.என்.ஏ. புரதமாக மாறுவதில்லை; புரதம் செய்யும் பட்டறைக்குத் தானே உறுப்பாகிறது. செல் அதை முதலில் நீண்ட இழையாகப் படியெடுக்கிறது. பிறகு இடையிலுள்ள இரு துண்டுகளை வெட்டி நீக்குகிறது. நீக்கப்படும் துண்டில் சில எழுத்துகள் மாறினாலும் செல்லுக்குப் பெரும்பாலும் கேடில்லை. ஆகவே காலப்போக்கில் மாற்றங்கள் சேர்ந்து, அத்துண்டு இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. அதற்குரிய டி.என்.ஏ. எழுத்துகளைப் படித்தே பகைவனின் பெயரை அறிந்தனர்.

பெயர் அறிவதால் என்ன பயன்? இந்த ஒட்டுண்ணி நீர்வழியே பரவும். நோயுற்ற சிப்பியை வேறு பண்ணைக்குக் கொண்டு சென்றால் நோயும் உடன் செல்லும். திறந்த கடலுக்கு மருந்திட முடியுமா? முன்னரே சோதித்துத் தடுப்பதே வழி. செல் வேண்டாமென்று நீக்கிய துண்டு அதற்கு உதவுகிறது!