நாளும் புதுப்பிறப்பெடுக்கும் தோல்

மெய், வாய், கண், மூக்கு, செவி என ஐம்பொறிகளை எண்ணுங்கால் மெய்யையே நாம் முதலில் வைக்கிறோம். அம்மெய்யைப் போர்த்து நிற்கும் தோலோ இடையறாது மாய்ந்து, இடையறாது பிறந்துகொண்டிருக்கிறது. அஃது எங்ஙனம் என்பதைச் சுருங்கக் காண்போம்.

தோல், மேற்றோல், உட்டோல் என இரு பகுதிகளை உடையது. இவற்றின் கீழே கொழுப்புப் படலம் அமைந்து உடல் வெப்பத்தைக் காக்கிறது. உட்டோலில் குருதிக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் ஆகியன உள்ளன. மேற்றோலிற் குருதிக் குழாய்கள் இல்லை. உட்டோல் அளிக்கும் ஊட்டத்தாலேயே அது வாழ்கிறது.

மேற்றோல் பல அடுக்குகளால் ஆனது. அவற்றுள் அடியடுக்கே பிறப்பிடம். அங்கு உயிரணுக்கள் பிரிந்து பெருகுகின்றன. புதியன பிறக்கப் பழையன மேல்நோக்கி நகர்கின்றன. நகருந்தோறும் கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து, தட்டையாகி, உட்கருவை இழந்து, இறுதியில் உயிரற்ற செதில்களாய் உதிர்கின்றன. இப்பயணம் முடிய ஏறத்தாழ ஒரு திங்கள் ஆகும். முதுமையில் இக்காலம் நீளும். ஆகவே, நாம் கண்ணால் காணும் மேனி இறந்த அணுக்களின் படலமே. உயிர் அதன் அடியில் மறைந்துள்ளது.

அவ்வுயிரின் ஆற்றலை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2015-இல் ஜெர்மனியின் போஹும் நகர மருத்துவமனையில் ஏழு வயதுச் சிரியச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். மேற்றோலை உட்டோலுடன் பிணைக்கும் புரதம் பிறவியிலேயே குறைபட்டமையால், அவன் தோலின் பெரும்பகுதி உரிந்துவிட்டது. கொப்புளமில்லாத இடத்திலிருந்து 4 சதுர சென்டிமீட்டர் தோல் எடுக்கப்பட்டது. இத்தாலியின் மொதெனா நகரில் மிக்கேலே தெ லூக்கா குழுவினர் அதன் அணுக்களிற் பழுதற்ற மரபணுவைச் சேர்த்துத் தோலாக வளர்த்தனர். அத்தோல் சிறுவனுடைய உடற்பரப்பின் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் ஒட்டப்பட்டது, அவன் பிழைத்தான். அப்புதுத்தோலைத் தொடர்ந்து புதுப்பித்து வருபவை மிகச் சிலவாகிய நெடுவாழ்வு மூல அணுக்களே என 2017-இல் வெளியான ஆய்வுரை எடுத்துக்காட்டியது.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? தீப்பட்ட இடத்தில் அடியடுக்கோ மயிர்க்கால்களோ எஞ்சியிருப்பின் தோல் தானே வளரும். அவையும் கருகின் ஒட்டுத்தோல் வேண்டும். எனவே தீப்பட்டவுடன் 20 நிமிடம் ஓடும் குளிர்நீரிற் காட்டுதல் நலம். மையும் பற்பசையும் பூசுதல் தீது. கண்ணுக்குப் புலப்படாத அவ்வடுக்கைக் காத்தலே மெய்யைக் காத்தலாகும்.