பிரிட்ஜ்மன் ஈட்டிய பொருள்

கூடைப்பந்து வீரர் என்றதும் கோடிகளே நம் நினைவிற்கு வரும். ஆனால் அமெரிக்க வீரர் ஜூனியர் பிரிட்ஜ்மன் பெற்ற சம்பளமோ மிகச் சிறிது. எஃகு ஆலைத் தொழிலாளியின் மகனான இவர், லூயிவில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 1975 இல் கரீம் அப்துல் ஜப்பார் என்னும் பேராட்டக்காரரை மில்வாக்கி பக்ஸ் அணி விட்டுக்கொடுத்தபோது, ஈடாக வந்த நால்வருள் ஒருவர். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே களம் இறங்கினார். 12 பருவங்கள் ஆடியும் இவரது ஆண்டுச் சம்பளம் 3,50,000 டாலரைத் தாண்டவில்லை. மொத்தமும் ஏறத்தாழ 30 இலட்சம்தான்.

கால்கள் ஓய்ந்தபின் வயிற்றுக்கு என்ன வழி? இக்கேள்வியை அவர் ஆடும்போதே கேட்டுக்கொண்டார். போட்டிகள் இல்லாத மாதங்களில் 'வெண்டீஸ்' உணவகத்தில் வேலை செய்து தொழில் கற்றார். புகழ்பெற்ற வீரர் ரொட்டியும் இறைச்சியும் பரிமாறுவதா என்று அவர் நாணவில்லை. எனக்கு அதுவே அவரது சிறந்த ஆட்டமாகத் தோன்றுகிறது. உரிமைத் தொகை செலுத்தி, ஒரு நிறுவனத்தின் பெயரில் தாமே கடை நடத்தும் முறை அது. 1987 இல் ஓய்வு பெற்றார். கடைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. பின்னர் அவற்றை விற்றுவிட்டு, 2017 இல் கோக்கக்கோலா புட்டியடைப்புத் தொழிலில் இறங்கினார்.

2025 இல் ஃபோர்ப்ஸ் இதழ் மதிப்பிட்ட அவரது சொத்து 140 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள்: ஆடிப் பெற்ற சம்பளத்தைப்போல் நானூறு மடங்கிற்கும் மேல்! 2024 இல், தாம் ஒரு காலத்தில் கூலி வாங்கிய பக்ஸ் அணியிலேயே பத்து விழுக்காட்டுப் பங்கை வாங்கினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் காலமானார்.