வீட்டுக்கு வரும் அதிவேக இணையம்: வாசலிலேயே சிந்திப்போம்



நம் மலையில் இப்போது பல வீடுகளின் கூரையோரம் மெல்லிய கறுப்பு வயர் ஒன்று புதிதாகத் தொங்குகிறது. மின்கம்பத்திலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்து, சுவரில் ஒரு சிறு பெட்டியில் முடிகிறது. அதுதான் ஃபைபர் இணைப்பு. "பக்கத்து வீட்டில் போட்டுவிட்டார்கள், நாமும் போடலாமா?" என்று மகன் கேட்கிறான். "படிப்புக்கு வேண்டும் அத்தா" என்று மகள் கேட்கிறாள். "வேண்டாம், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்கிறார் பெரியவர். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனவே போடலாமா, போட்டால் எப்படி வைத்துக்கொள்வது என்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்வோம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது அது தொலைபேசிக் கம்பி வழியாக ஊர்ந்து வந்தது. 2004-இல் மத்திய அரசு வெளியிட்ட கொள்கையில், நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது 'பிராட்பேண்ட்' என்று சொல்லப்பட்டது. அந்த அளவு 2013-இல் 512 கிலோபிட் ஆனது. 2023-இல் 2 மெகாபிட் ஆக உயர்ந்தது. இன்று வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்புகளில் 30, 50, 100 மெகாபிட் என்பது சாதாரணம்.

ஃபைபர் என்பது தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் ஒளி பாய்கிறது. அந்த ஒளியின் துடிப்புகளே நம் படமாகவும் பேச்சாகவும் மாறுகின்றன. விளம்பரத்தில் '100 எம்பிபிஎஸ்' என்று பார்த்தால் அது 'பிட்' கணக்கு. நம் போனில் காட்டும் எம்பி, ஜிபி எல்லாம் 'பைட்' கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்குப் பன்னிரண்டரை எம்பி. ஒரு ஜிபி படம் ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். ஒரு பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு 3 அல்லது 4 எம்பிபிஎஸ் போதும். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்குக் குறைந்த கட்டணத் திட்டமே பெரும்பாலும் தாராளம். "வேகம் கூடினால் நல்லது" என்று மாதந்தோறும் கூடுதலாகக் கட்டுவது வீண் விரயம்.

கிராமங்களுக்கும் இந்த இழையைக் கொண்டுசெல்ல 2011-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம்தான் இன்று பாரத்நெட் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் தரப்பட்டது. ஊராட்சி அலுவலகம் வரை இழை வருவது ஒன்று. அங்கிருந்து நம் வீட்டு வாசலுக்கு வருவது வேறொன்று. மேல்மலை, கீழ்மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புரியும்.

மலைக்கு இது ஏன் முக்கியம்?

ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் வாழ்கிறோம். மதுரைக்கு 120 கிலோமீட்டர் மலைப்பாதை இறங்க வேண்டும். ஒரு சான்றிதழ், ஒரு பயிற்சி வகுப்பு, ஒரு சிறப்பு மருத்துவரின் ஆலோசனை என எதற்கும் ஒரு நாள் வேலையும் பஸ் கட்டணமும் போய்விடும். சமவெளியில் இருப்பவருக்கு இணையம் ஒரு வசதி. நமக்கோ அது மிச்சமாகும் ஒரு நாள்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். கல்வித் தொலைக்காட்சி அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்ததால் ஓரளவு கைகொடுத்தது. ஆனால் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்க இணையம் வேண்டியிருந்தது. சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறி, குளிரில் போனைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நின்றார்கள். வீட்டில் ஒரே ஒரு போன் இருந்தால் அது யாருக்குப் போனது? பெரும்பாலும் மகனுக்கு. மகள் காத்திருந்தாள்.

இன்று பள்ளிக் கல்வித் துறையின் 'மணற்கேணி' செயலியில் பாடங்கள் தமிழில் காணொளியாகக் கிடைக்கின்றன. 'ஸ்வயம்' தளத்தில் கல்லூரிப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். கல்வி உதவித்தொகை விண்ணப்பமும் ஹஜ் விண்ணப்பமும் இணையத்துக்கு வந்துவிட்டன. 'இசஞ்சீவனி' மூலம் அரசு மருத்துவரிடம் கட்டணமின்றி வீட்டிலிருந்தே பேசலாம். சுற்றுலா வருபவர்களே 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுத்துத்தான் மலை ஏறுகிறார்கள். அறை வாடகைக்கு விடுபவரும், சாக்லேட், தைலம், மலைப்பூண்டு விற்பவரும் வாடிக்கையாளரை இணையத்தில்தான் முதலில் சந்திக்கிறார்கள். வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாத சகோதரிகளுக்கும் தையல், சமையல், கணக்கு எழுதுதல், மொழிபெயர்ப்பு என்று வீட்டிலிருந்தே சம்பாதிக்க வழி திறந்திருக்கிறது.

ஒரு தீர்ப்பு சொல்லும் பாடம்

"அப்படியானால் மகனுக்குப் போட்டுக்கொடுக்கலாம்; மகளுக்கு வேண்டாம்" என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். அவர்கள் பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கை அறிய வேண்டும்.

கோழிக்கோடு அருகே சேளன்னூரில் ஒரு கல்லூரி விடுதி. மாணவிகள் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை போன் வைத்திருக்கக் கூடாது என்று 2019-இல் அங்கே விதி போட்டார்கள். பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் மாணவி, 'படிக்கும் நேரமே அதுதானே, அப்போது இணையம் இல்லாமல் எப்படிப் படிப்பது?' என்று அந்த விதியை ஏற்க மறுத்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 செப்டம்பர் 19 அன்று தீர்ப்பு வந்தது: இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை, கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும், மாணவியை விடுதியில் திரும்பச் சேர்க்க வேண்டும். அதே சமயம், தன் பயன்பாடு மற்றவர்களுக்கு இடையூறாக இருக்கக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

விதி போடவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. விதி படிப்பைக் காக்க வேண்டும். படிப்பையே தடுக்கக் கூடாது. ஆணுக்கொரு விதி, பெண்ணுக்கொரு விதி என்றும் இருக்கக் கூடாது.

ஆபத்துகளை மறைக்க வேண்டாம்

முதலாவது, பணம். 'போலீஸ் பேசுகிறோம், உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, வீடியோவை அணைக்காதீர்கள்' என்று மிரட்டி, 'டிஜிட்டல் கைது' என்ற பெயரில் சேமிப்பையே பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை. ஆதார் எண் மட்டும் கேட்டு உடனே கடன் தரும் செயலிகள், போனிலுள்ள படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகின்றன. ரமலானில் ஜகாத், மருத்துவ உதவி என்று வரும் க்யூஆர் குறிகளிலும் போலிகள் உண்டு. தெரிந்தவர் மூலம் விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். வந்த செய்தியைத் தீர விசாரிப்பது நமக்குப் புதிய பாடமல்ல.

இரண்டாவது, சூதாட்டம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஆனாலும் வேறு வேறு பெயர்களில் அழைப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது. முதலில் நூறு ரூபாய் ஜெயிக்க விடுவார்கள். அதுதான் தூண்டில் புழு.

மூன்றாவது, நேரமும் தூக்கமும். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அளவில்லாத இணைப்பு வந்துவிட்டால் 'டேட்டா தீர்ந்துவிட்டது' என்ற இயல்பான நிறுத்தமும் போய்விடுகிறது. இரவு இரண்டு மணி வரை விழித்தவன் ஃபஜ்ருக்கும் எழுவதில்லை, பள்ளிக்கும் நேரத்தில் போவதில்லை.

நான்காவதுதான் மிகக் கடுமையானது. பிள்ளைகளிடம் நட்பாகப் பேசி, படம் வாங்கி, பிறகு மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். அத்தாவுக்குத் தெரிந்தால் அடிப்பார், போனைப் பிடுங்குவார், படிப்பை நிறுத்துவார் என்ற பயத்தில் பிள்ளை மறைக்கிறது. அந்தப் பயம்தான் மிரட்டுபவனின் ஆயுதம். அந்த ஆயுதத்தை அவன் கையில் கொடுப்பவர்கள் நாம்தான். எனவே இன்றே உங்கள் மகளிடமும் மகனிடமும் சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல். உன் படிப்பை நிறுத்த மாட்டோம்." சொன்னால் போதாது, ஒருநாள் அப்படியொன்று நடந்தால் அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும்.

இணைப்பு வாங்கும்போது செய்ய வேண்டியவை

1. ரவுட்டர் பெட்டியைக் கூடத்தில் வையுங்கள். பழைய கல் வீடுகளின் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை பலவீனமாகத்தான் போகும். இதை நமக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளலாம்: கூடத்தில் நன்றாக வருகிறது என்றால் பிள்ளைகளும் கூடத்தில்தான் உட்காருவார்கள்.

2. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். வைஃபைக்கு ஒன்று, பெட்டியின் அமைப்புகளுக்கு வேறொன்று. விருந்தினருக்கும், அறை எடுத்துத் தங்குபவருக்கும் தனி 'கெஸ்ட்' இணைப்பு கொடுங்கள்.

3. இணைப்பு தர வருபவரிடம் டிஎன்எஸ் எண்ணை 1.1.1.3 என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆபாசத் தளங்களையும் தீய நிரல் பரப்பும் தளங்களையும் தடுக்கும் இலவசச் சேவை அது. சிறு பிள்ளைகளின் போனில் 'ஃபேமிலி லிங்க்' வைத்தால் நேரத்தையும் செயலிகளையும் பெற்றோர் தீர்மானிக்கலாம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: ரவுட்டரில் போட்ட வடிகட்டி வீட்டு வைஃபைக்கு மட்டும்தான். சிம் கார்டு டேட்டாவுக்கு மாறினால் அது வேலை செய்யாது. பேச்சும் பழக்கமும்தான் கடைசி வேலி.

4. இரவு ஒரு நேரம் குறித்து எல்லாருடைய போனும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லாருடையது என்றால் அத்தா, அம்மா போனும்தான். ஒரு கையில் சோறும் ஒரு கையில் போனுமாக இருக்கும் தந்தை சொல்லும் புத்திமதி பிள்ளையின் காதில் ஏறாது.

5. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரங்கள் சாய்ந்து மின்சாரமும் தொடர்பும் அறுந்து கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் போனால் ஃபைபர் பெட்டியும் அணைந்துவிடும்; மரம் விழுந்தால் இழையும் அறும். ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய பேட்டரி ஒன்றை வாங்கி வையுங்கள். அவசர எண்களைத் தாளில் எழுதி சுவரில் ஒட்டுங்கள். விண்ணப்பங்களைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.

6. பணம் பறிபோனால் வெட்கப்பட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

கட்ட முடியாத வீடுகள்

மாதக் கட்டணம் எல்லாராலும் கட்டக்கூடியதல்ல. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்தப் பணம் இரண்டு நாள் அடுப்பெரிக்கும். அந்த வீட்டுப் பிள்ளையும் அதே பத்தாம் வகுப்புத் தேர்வைத்தான் எழுதுகிறது. உங்கள் வீட்டில் இணைப்பு இருந்தால், தேர்வுக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கூடத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். மதரஸா, ஜமாஅத் கட்டடத்தில் இணைப்பு இருக்கும் இடங்களில், மாலையில் ஒரு மணி நேரம் பெரியவர் ஒருவர் உடனிருக்க அதை மாணவ மாணவியருக்குத் திறந்துவிடுவது பற்றி ஊர்க் கூட்டத்தில் பேசலாம். விண்ணப்பம் போடத் தெரிந்த ஓர் இளைஞர் வாரம் ஒரு நாள் அங்கே உட்கார்ந்தால், பல தாய்மார்கள் பஸ் ஏறி அலைய வேண்டியிருக்காது.

குடும்பமாக அமர்ந்து பேச

இந்தப் பக்கத்தை இன்று இரவு வீட்டில் சத்தமாக வாசியுங்கள். பிறகு இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் பதில் சொல்லட்டும்:

– நம் வீட்டுக்கு இணையம் எதற்கு வேண்டும்? மூன்று காரணம் சொல்லுங்கள்.
– மகனுக்கும் மகளுக்கும் நம் வீட்டு விதி ஒன்றேதானா?
– தெரியாத ஒருவர் மிரட்டினால் நீ முதலில் யாரிடம் சொல்வாய்? ஏன்?
– அத்தாவும் அம்மாவும் போனைக் கீழே வைக்க வேண்டிய நேரம் எது? இதற்குப் பிள்ளைகள் மட்டும் பதில் சொல்லட்டும்.

கிடைத்த பதில்களை ஒரு தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு, ரவுட்டர் பெட்டிக்கு மேலே ஒட்டுங்கள். பிள்ளைகளைப் போலவே இந்த இணைப்பும் நம் கையில் தரப்பட்ட ஓர் அமானிதம்தான். அதைப் பொறுப்போடு பயன்படுத்தி, நம் மலைப் பிள்ளைகள் சமவெளிப் பிள்ளைகளுக்குச் சமமாகப் படித்து முன்னேறுவார்கள், இன்ஷா அல்லாஹ்.